ஊருக்கெல்லாம் ஒரு மெயில்

பழனிக்குமார் ஓசூருக்குக் கிளம்பியது ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. சாமான் ஏற்றிய வண்டி செம்பட்டி முக்கில் நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்ப வேண்டிய அவர் மனைவி சூர்யகலா, கடைக்குள் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய ஓடிபியைத் தொலைபேசியில் படித்துக்கொண்டிருந்தார். "நாலு, ஒம்போது, ஒண்ணு... அண்ணே, நீங்க ஒண்ணும் பேச வேணாம். நான் சொல்றதை மட்டும் போடுங்க." வெளியே இரண்டு முறை ஹாரன் கேட்டது. அவர் இடது கையை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டினார். வண்டி ஓட்டுநர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே பழத்தை வைத்து, தானே ஏற்றி நசுக்கிக்கொண்டு நகர்ந்தார்.

பழனிக்குமார் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "எப்ப வார?"

"மெயிலை மூடிட்டு வாரேன். ஒரு வாரம்."

அந்த ஒரு வாரம் மார்கழிக் கடைசி வரைக்கும் நீண்டது.

வத்தலக்குண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது சூர்யகலாவின் பிரவுசிங் சென்டர். நாற்பத்தேழு வயது. பேனாவைக் கொண்டையில் செருகுகிற பழக்கம். ஒன்றைத் தேடும்போதே இன்னொன்றை எடுத்து எழுதி அதையும் அங்கேயே செருகிவிடுவார். சாயங்காலம் முடியை அவிழ்த்தால் மேசையில் பேனாக்கள் உதிரும். கம்ப்யூட்டர் திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் பந்தி வாசலில் நிற்பவர் போல, "வாங்க, வாங்க, இன்னுஞ் செத்த வாங்க" என்று அழைப்பார். பக்கம் திறக்காமல் நின்றுவிட்டால் மரியாதை போய்விடும். "ஏலே, செத்துட்டியா?" எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள், தன்னைத்தான் கேட்கிறாரோ என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்.

கடை திறந்த புதிதில் எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டு மின்னஞ்சல் முகவரி கேட்டது. வந்தவர்களிடம் ஆதார் இருந்தது, குடும்ப அட்டை இருந்தது, வீட்டு வரி ரசீதுகூட இருந்தது. மெயில் இல்லை. எதையாவது போட்டு அனுப்பிவிடு என்றார்கள். சூர்யகலா தன்னுடையதைப் போட்டார். அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் அவர் நெற்றியில் அடித்துக்கொள்கிறார்.

ஏனென்றால் அடுத்து வந்தவருக்கும் அதையே போட்டார். பிறகு யாரும் கேட்டுப் போடவில்லை. அவர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கதிரடிப்பு எந்திரத்துக்கு மானியம் கேட்டவர், கல்லூரியில் சேர்ந்த பெண், வில்லங்கச் சான்று கேட்டவர், திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்தவர் என்று எல்லோருக்கும் ஒரே முகவரி. ரேஷன் கார்டு எண்ணை மறந்தவர்களுக்குக்கூட அது மறக்காது. எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்: "சூர்யகலா செம்பட்டி, எல்லாஞ் சின்ன எழுத்து, நடுவுல எடம் விடாதீக." திண்டுக்கல்லில் ஒரு வங்கி அதிகாரி பொறுக்க முடியாமல், உங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரே வீடா என்று கேட்டாராம். எதிரே நின்ற சோலைமுத்து தயங்கவே இல்லை. "ஆமா சார், கலா வீடு."

இந்தச் சோலைமுத்து மேற்கே இரண்டு கிலோமீட்டரில் கத்தரியும் மல்லிகையும் வைத்திருக்கும் விவசாயி. அறுபதைத் தொட்டவர். சூர்யகலாவைத் தாயி என்று கூப்பிடுவார். அவருடைய பட்டா, பயிர்க் காப்பீடு, மகனுடைய பாஸ்போர்ட், மருமகளின் பிரசவச் சான்று எல்லாம் அந்த மெயிலில்தான் இருந்தன.

இப்படி ஒரு பெட்டிக்குள் ஊரை வைத்திருப்பவருக்கு ஊரைப் பற்றித் தெரியாதது இருக்காது. யார் எந்தப் பரீட்சையில் தோற்றுப்போனார், யாருடைய ரத்தத்தில் என்ன கூடியிருக்கிறது, எந்த வக்கீல் எந்தப் பெண்ணுக்கு எதற்காக எழுதினார், எல்லாம் முதலில் அவர் கண்ணில்தான் படும். நல்ல சேதி என்றாலும் கெட்ட சேதி என்றாலும் தொலைபேசியில் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஒங்களுக்கு ஒரு பிரிண்ட் வந்துருக்கு. வந்து வாங்கிக்கங்க." குரலில் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது. தாளின் எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி மடித்து, ஸ்டாப்ளர் அடித்து, திரையைப் பார்த்துக்கொண்டே நீட்டுவார். வாங்கியவர் என்ன என்று கேட்டால், "கண்ணாடி போட்டுப் படிங்க" என்பார். அவ்வளவுதான்.

பழனிக்குமார் வேலை பார்த்த நூற்பாலை மூடியது. பல மாதம் சும்மா இருந்தபின் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. கடையை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவது என்று முடிவாயிற்று. வாங்க முன்வந்தவர் முகேஷ்குமார், பக்கத்திலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கெட்டிக்காரர், சுறுசுறுப்பு, யாருக்கும் உதவி செய்வார். ஆனால் காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஆத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

"கடைன்னா போர்டு, பிரிண்டர், மெயிலு, மூணுஞ் சேந்ததுதானக்கா" என்றார் அவர். சூர்யகலாவும் முதலில் சரி என்றுதான் இருந்தார். பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு நாள் மெயிலைத் திறந்துவைத்து நாற்காலியை விட்டு எழுந்தார். டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முகேஷ்குமார் தேடும் கட்டத்தில் தன் சித்தப்பா மகன் பெயரைப் போட்டு, அவனுக்கு எத்தனை அரியர் என்று எண்ணிக்கொண்டிருந்தார். "ஏக்கா, இவென் பொண்ணு பாக்கப் போறப்ப டிகிரி முடிச்சுட்டேன்னான்! இங்கன பாருங்க!"

சூர்யகலா டீயை மேசையில் வைத்தார். எட்டி, கம்ப்யூட்டரின் சுவிட்சையே அணைத்தார்.

"கடையை எடுத்துக்க தம்பி. மெயிலு கெடையாது. அதை நான் மூடிட்டுத்தான் போவேன்."

அன்றைக்குப் பிடித்த சனி. மெயிலை நிரந்தரமாக மூடுவது எப்படி என்று மெயில் கம்பெனியின் பக்கத்தில் தேடிப் படித்தார். மூடுவதற்கு முன், இந்த முகவரியைக் கொடுத்திருக்கும் மற்ற இடங்களில் எல்லாம் அதை மாற்றிக்கொள்ளவும் என்று ஒரு வரி இருந்தது. சாவகாசமாக எழுதப்பட்ட ஒரு வரி. அதற்குள் ஒரு பிர்கா முழுவதும் அடங்கியிருந்தது.

கடை வாசலில் ஓர் அட்டை எழுதி மாட்டினார். இந்த மெயில் மூடப்படுகிறது, எல்லோரும் வந்து அவரவருக்குச் சொந்தமாக மெயில் தொடங்கிக்கொள்ளவும். அட்டையைப் படித்தவர்கள் உள்ளே வந்தார்கள்தான், ஆனால் மெயில் தொடங்க வரவில்லை; ஏன் மூடுகிறீர்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா, புருஷன் பெண்டாட்டிக்குள் எதுவும் இல்லையே என்று விசாரிக்க வந்தார்கள். ஒரு அம்மாள் வாழைத்தாரே கொண்டுவந்து வைத்து, மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சோலைமுத்து அட்டையை எழுத்துக்கூட்டி முடித்துவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். "மத்தியானம் மூடிட்டுச் சாயந்தரம் தெறந்துருவியா தாயி?"

விஷயத்தைச் சொல்லி விளக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கெதுக்குத் தனி மெயிலு? நான் என்ன கலெக்டராபீசா வச்சிருக்கேன்?"

ஒவ்வொருவருக்கும் புது மெயில் தொடங்கி, ஒவ்வொரு இணையதளத்திலும் பழையதை எடுத்துப் புதியதைப் போட வேண்டும். அதற்கு ஓடிபி வரும். ஓடிபி வரவேண்டிய போன் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனிடம் இருக்கும். மகன் ஷிப்ட் முடிந்து தூங்குவான். எழுப்பிக் கேட்டால், அந்த சிம் போய் வெகுநாள் ஆயிற்று, மாமாவிடம் கேளுங்கள் என்பான். மாமா சாணார்பட்டியில் இருப்பார். அவரைப் பிடித்து எண்ணை வாங்குவதற்குள் ஓடிபியின் ஆயுள் முடிந்துவிடும். மல்லிகைக்காரர்கள் பூவெடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, சரியாகச் சூர்யகலா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்துக்கு வருவார்கள். வரச்சொன்ன ஆள் வராமல் கொழுந்தனை அனுப்புவார். அந்தக் கொழுந்தன் கையில் அண்ணனுடைய ஆதார் இருக்காது. யாருக்கோ எடுத்த பழைய ஜெராக்ஸ் இருக்கும்.

"என் உசுரை வாங்கத்தான் அம்புட்டுப் பேரும் பொறந்தீகளா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்தவரை உட்காரச் சொல்வார்.

வீட்டில் சாமான் எல்லாம் ஓசூர் போய்விட்டது. அவருக்கு மிச்சம் ஒரு பாய், ஒற்றை அடுப்பு, இரண்டு பாத்திரம். வெறும் வீட்டில் பேசினால் எதிரொலி வந்தது. பழனிக்குமார் முதலில் சிரித்துக்கொண்டு போன் பண்ணினார். பிறகு தான் வைத்த ரசம் தனக்கே இறங்கவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார். புரட்டாசி போய் ஐப்பசி வந்ததும் சிரிப்பும் போயிற்று. "மெயிலோட குடும்பம் நடத்துறியா, எங்கூடயா? ஒண்ணைச் சொல்லு." அந்தப் பையனிடமே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வா, ஊரே கவலைப்படாததற்கு நீ எதற்குக் காவல் என்றார். ஊரும் அதைத்தான் சொன்னது. முகேசிடமே இருக்கட்டும், அவன் நம்ம பையன்தானே, எங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அப்படிச் சொன்ன ஒருவருடைய ஸ்கேன் அறிக்கை அந்த மெயிலில் இருந்தது. அதை அவர் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது சூர்யகலாவுக்குத் தெரியும். அவரிடமே அதை எப்படிச் சொல்வது? அடுத்தவருடைய ஆதாரை வாங்கிக் கீபோர்டைத் தட்டினார்.

தீபாவளிக்குப் பழனிக்குமாரே வந்தார். பக்கத்து வீட்டில் இரவல் பாய் வாங்கிப் படுத்தார். கிளம்பும்போது சத்தம் போடவில்லை. அதுதான் சூர்யகலாவை உறுத்தியது.

"பொங்கலுக்கு நீ அங்க இல்லேன்னா, நான் சாமானைத் திருப்பி ஏத்திக்கிட்டு வந்துருவேன் கலா. வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொன்னால் செய்கிற ஆள். இந்த வயதில் அந்த வேலையும் போனால் இன்னொன்று கிடைக்காது என்பதும் இருவருக்கும் தெரியும்.

கார்த்திகையில் கூட்டம் ஓரளவு வடிந்தது. இரண்டு பேர்தான் பாக்கி. ஒருவர் ஆனந்தமேரி. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். ஊரிலேயே சொன்ன மறுநாள் தனக்கென்று மெயில் தொடங்கியவர் அவர் ஒருவர்தான். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பம் பழைய முகவரியில் இருந்தது. முடிவு வரும்வரை முகவரியை மாற்ற முடியாது என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள். பிள்ளையையும் தாயையும் ஒற்றைச் சம்பளத்தில் வைத்திருக்கும் பெண். "போயிருங்கக்கா, எனக்காக நிக்காதீங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டு தினமும் டூட்டி முடிந்து செம்பட்டியில் இறங்கி, கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்கழியில் அந்தக் கடிதம் வந்தது. சூர்யகலா போன் பண்ணினார். "மேரி, ஒனக்கு ஒரு பிரிண்ட் வந்துருக்கு." ஆனந்தமேரி வந்து, மடித்த தாளை வாங்கி, பிரிக்காமலே கைப்பையில் வைத்துக்கொண்டு எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினார். அதில் என்ன இருந்தது என்று முகேஷ்குமார் மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். பழனிக்குமாரும் போனில் கேட்டார். இன்றுவரை யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

மற்றவர் சோலைமுத்து. அவரைச் சூர்யகலா தோட்டத்துக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. மகன் வாங்கிக் கொடுத்திருந்த புது போனில் மெயில் தொடங்கி, பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள் என்று நீட்டினார். சோலைமுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ஒவ்வோர் எழுத்தையும் உரக்கச் சொல்லியபடியே போட்டார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பாஸ்வேர்டு மனப்பாடம் ஆயிற்று. வேறு போடுங்கள், மனசுக்குள் சொல்லுங்கள் என்றார் சூர்யகலா. மனசுக்குள் சொன்னால் எழுத்து வரமாட்டேன் என்கிறதே என்று மறுபடியும் உரக்கவே சொன்னார். மூன்றாவது முறை, சூர்யகலா கடையிலிருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். தானும் வெளியே போய் நின்றுகொண்டார். அப்படியும் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மெயிலை மூட நாள் குறித்தார். காலையிலேயே பொத்தானை அழுத்தியிருப்பார். கடை கைமாறுகிற நாள், ராகு காலம் முடியட்டும் என்று முகேஷ்குமார் குறுக்கே நின்றார். கல்யாணமா பண்ணுகிறோம் என்று சூர்யகலா கத்திவிட்டு, பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். அதற்குள் செய்தி பரவி பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். திரை அவரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டது: எல்லாம் போய்விடும், தெரியுமா? தெரியும் என்று இரண்டு கட்டத்திலும் டிக் போட்டார். வட்டம் சுற்றியது. அன்றைக்கு அதை அவர் வாங்க என்றும் அழைக்கவில்லை, திட்டவும் இல்லை. பெட்டி போயிற்று.

"ஒரு காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்லக்கா?" என்றார் முகேஷ்குமார்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"அவங்கவங்களுது அவங்கவங்க கையில இருக்கு."

மூடிய பிறகும் சில நாட்களுக்கு அதைத் திரும்பத் திறக்க வழி உண்டு. அதை எங்கேயோ படித்துவிட்டு முகேஷ்குமார் ஓசூருக்குப் போன் போட்டார். இங்கே ஆட்கள் இன்னமும் அந்த முகவரியையே புது விண்ணப்பத்தில் ஒப்பிக்கிறார்கள், திறந்து கொடுத்துவிடுங்கள் என்றார். பழைய பாஸ்வேர்டு மறந்துபோச்சு தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார் சூர்யகலா. பழனிக்குமார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய பள்ளிப் பதிவெண்ணை இன்றும் சொல்கிற பெண்.

ஓசூரில் மூன்றாம் மாடி வீடு. எதிர்வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். யாரும் அவரை அக்கா என்று கூப்பிடவில்லை. போன் சும்மா கிடந்தது. புதிதாகத் தொடங்கிய அவருடைய சொந்த மெயிலுக்குப் புடவைக் கடை விளம்பரம் மட்டும் வந்தது. தினமும் காலையில் அதை அழித்தார். "நிம்மதியா இருக்கேன்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். முடியில் பேனா இல்லாமல் கொண்டை நிற்கமாட்டேன் என்கிறது என்பது மட்டும்தான் அவருடைய புகார்.

ஆடி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழனிக்குமார் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சூர்யகலா அடுப்பில் வெஞ்சனத்தைக் கிளறிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. சோலைமுத்து. கை எண்ணெயாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தாயி, சொகமா? ஒண்ணுமில்ல. எங்க தெருவுல ஆளுகளுக்கு மெயிலு இல்லேன்னாங்க. சரி, எனக்குத்தான் இருக்கேன்னு என்னுதையே குடுத்துட்டேன். ஒரு பத்து வீடு இருக்கும். இப்ப ஒருத்தனுக்கு ஒண்ணு வந்துருக்கு. எங்க வீட்டுச் சின்னப் புள்ள நெலா இங்கிலீசு படிக்கும், ஆனா அதுட்டக் காட்ட மனசு வரல. நானே எழுத்துக்கூட்டிப் பாத்தேன். நல்ல சேதி இல்ல தாயி. அவென் தெனம் சாயந்தரம் வந்து வந்துச்சா, வந்துச்சாங்குறான். நான் இல்லேன்னுட்டேன். ரெண்டு நாளா சோறு எறங்கல. எப்பிடி நீ இத்தன வருசம்... சரி, விடு. இதை அவென்ட்ட எப்பிடித் தாயி சொல்லணும்?"

பழனிக்குமார் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார். "யாருக்காம்? என்னவாம்?"

சூர்யகலா அடுப்பை அணைத்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோலைமுத்துவின் எண்ணை அழுத்தினார். மணி ஒரு முறைதான் அடித்திருக்கும், அதற்குள் எடுத்துவிட்டார். பின்னால் டீ ஆற்றும் சத்தமும் நாலைந்து பேர் பேச்சும் கேட்டன. "அதான் தாயி, நம்ம தெருவுல அந்தக் கடைசி வீட்டு..."

"பேரைச் சொல்லாதீங்கண்ணே. மொதல்ல டீக்கடைய விட்டு வெளிய வாங்க."

ஸ்பீக்கரை அணைத்து போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கணவர் பார்த்துக்கொண்டிருக்க, கதவை வெளிப்பக்கமாக இழுத்துச் சாத்தினார்.